ஒரு தாயின் சாட்சியம்

1861ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே ‘ஓர் அடிமைப் பெண்ணின் வாழ்க்கைச் சம்பவங்கள்’ என்னும் நூல் அச்சேறியது. பதிப்பாசிரியராக லிடியா மரியா சைல்ட் என்ற வெள்ளையின எழுத்தாளரின் பெயர் முகப்பிலே காணப்பட்டது. எழுதியவரின் பெயர் காணப்படவில்லை. நூலினுள்ளே கதை கூறுபவள் தன்னை லிண்டா பிறென்ற் என்று அழைத்துக்கொண்டாள். அவள் அடிமையாகப் பிறந்தவள். மணமாகாமலே இரு குழந்தைகளுக்குத் தாயானவள். நாணத்தினால் மறைக்கப்பட்ட அவளது இயற்பெயர் ஹரியற் ஜேக்கப்ஸ்.

இம்மறைப்பு வரலாற்றாசிரியர் சிலருக்கு வசதியாகிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்நூல் புனைகதையெனவும், சைல்ட் அம்மையாரின் கைவண்ணமெனவும் கருதப்பட்டது. அடிமைகளின் வாழ்வை அவர்தம் கூற்றுக்களினூடாகவே ஆராயப் புகுந்த ஜோன் பிளாசிங்கேம் கூட 1972இல் இதனை நம்பத்தக்க சான்றாக ஏற்கவில்லை. ஜேக்கப்ஸின் கடிதங்களைத் துணைக்கொண்டு ஜீன் ஃபேகன் யெலின் என்னும் ஆய்வாளர் 1981இல் உண்மையை நிறுவினார். 1987இல் சான்றுக் குறிப்புக்களுடன் நூலைப் பதிப்பித்தார். ‘டொம் மாமாவின் குடிசை’யைப் பற்றி எத்தனையோ முறை வகுப்பறையில் பேசியிருக்கும் நாமும், இப்பெண்ணின் பெயரை ஒரு தடவையேனும் உச்சரித்ததில்லை.

பிரடெரிக் டக்ளஸின் சுயசரிதையில் (1845) அடிமை இளைஞன் தன்னை அடித்து அடக்க வந்தவனோடு கைகலந்து மனிதனாக நிமிர்கிறான். வீரம் எனின் இதுவே என்று நாம் பழக்கப்பட்டுள்ளோம். ஜேக்கப்ஸிடம் அத்தகைய கைகலப்பு இல்லை. அவர் கூறுவது கருவுற்ற கதை. அதை வீரமாக வாசிக்க எவரும் நமக்குக் கற்றுத் தரவில்லை.

அக்கருவின் பொருளை உணர்வதற்குச் சட்டமொன்றை அறிதல் வேண்டும். ஆங்கிலேய வழக்கிலே பிள்ளையின் நிலை தந்தையைப் பின்பற்றும். 1662இல் வேர்ஜீனியாக் குடியேற்றம் இதனைத் தலைகீழாக்கியது. தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமை. தந்தை எவராயினுமாகுக என விதித்தது. ஏனைய அடிமைப் பிரதேசங்களும் இவ்விதியையே கைக்கொண்டன. இதனால் எசமான் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளை அவனுக்கு வாரிசாகவில்லை; சொத்தாயிற்று. காமமும் கணக்கும் ஒரே ஏட்டிலே எழுதப்பட்டன.

ஜேக்கப்ஸ் 1813இல் வடகரோலைனாவின் ஈடன்ரன் ஊரிலே பிறந்தார். எழுத்தறிவித்த எசமானி 1825இல் இறந்தபோது, தன் மூன்று வயது மருமகளுக்கு இச்சிறுமியை மரணசாசனத்தில் எழுதிவைத்தாள். அக்குழந்தையின் தந்தை ஜேம்ஸ் நோர்கொம் என்னும் மருத்துவர். ஜேக்கப்ஸுக்கு 15 வயதாகும்போதே அவரது தொல்லை தொடங்கியது. ஜேக்கப்ஸ் விரும்பிய சுதந்திரக் கறுப்பினத் தச்சரை மணக்கவும் அவர் இடங்கொடுக்கவில்லை. ஊருக்கு வெளியே தனிவீடு கட்டி அங்கே வைத்திருக்கத் திட்டமிட்டார். அந்த வீட்டுக்குப் போகாதிருக்க அப்பெண் கண்ட வழி விசித்திரமானது: சாமுவேல் சோயர் என்னும் வெள்ளையின வழக்கறிஞரைத் தானே தெரிந்துகொண்டாள். 16 வயதளவில் ஜோசப் பிறந்தான். சில ஆண்டுகளின் பின் லூயிசா பிறந்தாள்.

இதனை அவர் காதலென்று மெழுகவில்லை. முழுதும் பிறர் குற்றமென்றும் தள்ளவில்லை. அறிந்தே செய்தேன் என ஒப்புக்கொள்கிறார். சட்டத்தின் காப்புள்ள பெண்களை அளக்கும் கோலால் அடிமைப் பெண்ணை அளத்தல் ஆகாது என்றும் வாதிடுகிறார். குற்றவாளிக் கூண்டில் நின்றபடியே நீதிபதியைக் கேள்வி கேட்கும் குரல் அது.

1835இல் அவர் தலைமறைவானார். நோர்கொம் 100 டொலர் வெகுமதி அறிவித்துப் பத்திரிகையில் விளம்பரஞ் செய்தார். தேடப்பட்டவரோ அதே ஊரில், விடுதலை பெற்றவரான பாட்டியின் வீட்டுக் கொட்டிலின் பரணில் இருந்தார். நீளம் 9 அடி, அகலம் 7 அடி, மிக உயர்ந்த இடத்திலும் உயரம் 3 அடி. எலியும் எறும்பும் மழையொழுக்கும் மிக்க அவ்விருளிலே ஏறக்குறைய 7 ஆண்டுகள் கழிந்தன. சிறு துறப்பணத்தால் பலகையில் துளையிட்டு, கீழே விளையாடும் தம் பிள்ளைகளைப் பார்த்திருந்தார். தாய் தலைக்கு மேலே இருப்பதைப் பிள்ளைகள் அறியார். சோயர் ஒரு வியாபாரி மூலம் அவர்களை விலைக்கு வாங்கினார். பின் காங்கிரஸ் உறுப்பினராகி வொஷிங்டன் சென்றார். வாக்களித்தபடி விடுதலைப் பத்திரம் எழுதவில்லை.

1842இல் கப்பலேறி வடக்கே தப்பிய ஜேக்கப்ஸ், நியூயோர்க்கில் வில்லிஸ் என்னும் எழுத்தாளரின் இல்லத்திலே பிள்ளை வளர்க்கும் பணிப்பெண்ணானார். 1852இல் திருமதி வில்லிஸ் 300 டொலர் கொடுத்து அவருக்கு விடுதலை வாங்கினார். தடை நீங்கியதில் மகிழ்ச்சிதான்; ஆயினும் சுதந்திர மண்ணிலே தம்மை ஒரு விற்பனைச் சீட்டால் கைமாற்றியது அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அடுத்த ஆண்டு, ‘டொம் மாமாவின் குடிசை’ எழுதிய ஸ்ரோ அம்மையாருக்கு இவர் வரலாறு தெரிவிக்கப்பட்டது. அவரோ அதன் உண்மையை எசமானியிடம் விசாரித்து எழுதினார். தமது நூலொன்றில் சேர்த்துக்கொள்ளவும் விரும்பினார். எசமானியிடமும் சொல்லாதிருந்த தாய்மையின் இரகசியம் அவ்வாறு வெளிப்பட்டது. நல்லெண்ணமும் சிலவேளை எசமானக் குரலிலேயே பேசும்போலும். ஜேக்கப்ஸ் தாமே எழுதத் துணிந்தார். பகலெல்லாம் பிறர் குழந்தைகளைப் பராமரித்து, இரவுகளில் எழுதினார்.

அந்நூலில் ஒரு சிறு காட்சி வருகிறது. லூயிசாவுக்குத் தேவாலயத்தில் பெயரிடும்போது, ஜேக்கப்ஸ் தம் தந்தையின் குலப்பெயரைச் சேர்க்கிறார். அப்பெயருக்குத் தந்தைக்கே சட்ட உரிமை இல்லை. அவரைப் பெற்றவன் ஒரு வெள்ளையன். அன்று மூதாட்டி ஒருத்தி குழந்தையின் கழுத்திலே பொற்சங்கிலி அணிவிக்கிறாள். பொன்னாயினும் சங்கிலியென்பது தாய்க்குப் பிடிக்கவில்லை.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் தாயும் மகளும் வேர்ஜீனியாவின் அலெக்சாண்டிரியாவுக்குச் சென்றனர். விடுதலையான மக்களின் பிள்ளைகளுக்கென அங்கே 1864இல் பள்ளிக்கூடம் ஒன்று திறக்கப்பட்டது. வெள்ளையின ஆசிரியர்கள் அதனை நடத்த முன்வந்தனர். மக்களோ ஜேக்கப்ஸின் பக்கமே நின்றனர். லூயிசா அங்கே ஆசிரியை. பள்ளிக்கூடத்தின் பெயர் ஜேக்கப்ஸ் பாடசாலை.