மலையகத் திருச்சபை வரலாறு – 6
தெரிந்துகொள்ளப்பட்டவர் யார்? தோர்ட் சங்கத்திலிருந்து கம்பளைக் கோப்பி மலை வரை

மனிதன் இரட்சிக்கப்படுவது கடவுள் அவனை முன்னரே தெரிந்துகொண்டதாலா, அவன் விசுவாசித்ததாலா? கிறிஸ்தவ இறையியலின் மிகப் பழைய வழக்குகளில் ஒன்று இது. உலகம் உண்டாவதற்கு முன்பே கடவுள் தம் மக்களைக் கிறிஸ்துவுக்குள் தெரிந்துகொண்டார் என்று எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் கூறுகிறார். விசுவாசிக்கிற எவருக்கும் இரட்சிப்பு உண்டு என்று ரோமருக்கு எழுதும்போது சொல்பவரும் அவரே. இவ்விரண்டையும் எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது என்பதில்தான் சபைகள் பிரிந்தன. அந்தப் பிரிவுகள் ஒவ்வொன்றாக இலங்கைக்கும் வந்து சேர்ந்தன.

ஐந்தாம் நூற்றாண்டிலேயே வழக்கு தொடங்கிவிட்டது. மனிதன் தன் சொந்த முயற்சியால் நன்மையைத் தெரிவு செய்ய முடியும் என்றார் பெலாஜியுஸ். பாவத்தால் கட்டுண்ட மனிதனிடம் அந்த வலிமை இல்லை, தொடக்கமே கடவுளின் கிருபைதான் என்று மறுத்தார் அகுஸ்தீன். திருச்சபை அகுஸ்தீனின் பக்கம் நின்றது. ஆயினும் கிருபை எல்லாவற்றையும் செய்கிறதென்றால் மனிதனின் சம்மதத்துக்கு இடம் எங்கே என்ற கேள்வி மட்டும் தீரவில்லை.

தோர்ட் சங்கமும் ஒல்லாந்தர் ஆட்சியும்

சீர்திருத்தக் காலத்துக்குப் பின் அந்தக் கேள்வி ஒல்லாந்தில் வெடித்தது. யார் விசுவாசிப்பார்கள் என்பதை முன்னறிந்தே கடவுள் தெரிந்துகொள்கிறார் என்று யாக்கோபு அர்மீனியுஸைப் பின்பற்றியவர்கள் 1610இல் முறையிட்டனர். அதை விசாரிக்க 1618 நவம்பரில் தோர்ட் நகரில் கூடிய சபைச் சங்கம் 1619 மே வரை நீடித்தது. அதன் தீர்ப்பு தெளிவானது. மனிதன் தானாகக் கடவுளிடம் திரும்ப வல்லமையற்றவன். கடவுளின் தெரிவு மனிதனிடம் காணப்படும் எந்தத் தகுதியையும் சார்ந்ததன்று. கிறிஸ்துவின் மரணம் தெரிந்துகொள்ளப்பட்டவர்களை உறுதியாக மீட்கிறது. அவர்களிடத்தில் கிருபை தன் வேலையை முடித்தே தீரும். அவர்கள் இறுதிவரை காக்கப்படுவார்கள்.

இந்தப் போதனையை ஏற்ற சபைதான் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியுடன் இலங்கைக்கு வந்தது. 1658இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. அதன்பின் பிலிப்பு பால்தேயுஸ் போன்ற குருமார் கோவிற்பற்றுகளைப் பொறுப்பேற்றனர். கொழும்பில் பிறந்த தமிழர் பிலிப்பு தெ மெல்லோ அந்தச் சபையின் குருவாக உயர்ந்தார். அவருடைய புதிய ஏற்பாட்டுத் தமிழாக்கம் 1759இல் கொழும்பில் அச்சானது.

போதனைக்கும் நடைமுறைக்கும் இடையில் பெரும் முரண் இருந்தது. விசுவாசம் கடவுள் தரும் ஈவு, அதை எந்த மனிதனும் உண்டாக்க முடியாது என்று பிரசங்க மேடை சொன்னது. அரசாங்கமோ பதவிக்கும் சட்டபூர்வமான திருமணத்துக்கும் ஞானஸ்நானத்தை வாசலாக்கி வைத்தது. ஞானஸ்நானம் பெற்றோர் இலட்சக்கணக்கில் பதிவாயினர்; இராப்போசனத்தில் சேர்க்கப்பட்டவர்களோ சொற்பம். 1796இல் கரையோரம் பிரித்தானியர் வசமாகி, நிர்ப்பந்தமும் நீங்கியதும் அந்தப் பதிவேட்டுக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளிலேயே பழைய வழிபாடுகளுக்குத் திரும்பினர்.

அரசின் துணையில்லாத கண்டி

அதே காலத்தில் கண்டி இராச்சியத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது. ஒல்லாந்தர் தடை செய்திருந்த கத்தோலிக்கத் திருச்சபையைத் தாங்க, கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் வந்தார் ஜோசப் வாஸ் அடிகளார். 1692இல் கண்டிக்குள் நுழைந்தபோது ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறை வைக்கப்பட்டார். பின்னர் பௌத்த அரசனான இரண்டாம் விமலதர்மசூரியனின் அனுமதியுடன் பணி செய்து, 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே உயிர்நீத்தார். 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

வாஸ் அடிகளார் கற்பித்தது 1547இல் திரெந்து பொதுச்சங்கம் வகுத்த கத்தோலிக்கப் போதனை. கிருபை முதலில் வருகிறது. மனிதன் அதற்குச் சுதந்திரமாக இணங்கி ஒத்துழைக்கிறான். விசுவாசம் மீட்பின் தொடக்கமும் வேருமாகும். அன்பும் நற்செயலும் அதனோடு சேர்ந்து வளர வேண்டும். தோர்ட் சங்கத்தின் கணக்கில் இது பிழை. ஆனால் பதவி, காணி, பாதுகாப்பு எதையும் தர இயலாத ஒரு குருவின் சொல்லைக் கேட்டு வந்தவர்களின் சபை, கம்பனியின் சபை சரிந்த பிறகும் நிலைத்தது.

நற்செய்திச் சங்கங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிஷன்கள் இந்த வழக்கின் எல்லாப் பக்கங்களையும் தீவுக்குள் கொண்டுவந்தன. கடவுள் தெரிந்துகொண்டவர்களை அவரே அழைத்துக்கொள்வார், நாம் ஏன் கடல் கடக்க வேண்டும் என்ற எண்ணம் இங்கிலாந்தின் பாப்திஸ்தரிடையே நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. தெரிவு கடவுளுடையது, அறிவிப்பது மனிதனின் கடமை என்று அன்றூ புல்லரும் வில்லியம் கேரியும் வாதிட்ட பிறகே 1792இல் பாப்திஸ்து மிஷனரிச் சங்கம் பிறந்தது. அச்சங்கத்தின் ஜேம்ஸ் சேற்றர் 1812இல் கொழும்பு வந்தார்.

1814இல் காலியில் இறங்கிய மெதடிஸ்தர் ஜோன் வெஸ்லியின் வழியினர். கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார், கிருபையை ஏற்கவும் மறுக்கவும் மனிதனால் முடியும், ஏற்றவன் விலகிப்போகவும் கூடும் என்பது அவர்கள் போதனை. 1816இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கிய அமெரிக்கன் மிஷன் கல்வீனிய மரபில் வந்தது. 1818இல் வந்து அதே ஆண்டில் கண்டியிலும் காலூன்றிய சர்ச் மிஷனரிச் சங்கம் (சி.எம்.எஸ்.) அங்கிலிக்கன் சபையின் முப்பத்தொன்பது பிரமாணங்களுக்குக் கட்டுப்பட்டது. அவற்றில் பதினோராம் பிரமாணம் மனிதன் கிரியைகளால் நீதிமானாவதில்லை, விசுவாசத்தினால் மட்டுமே என்கிறது. பதினேழாம் பிரமாணம் முன்குறித்தலை விசுவாசிகளுக்கு ஆறுதலாக வைக்கிறது. வீண் ஆராய்ச்சியில் இறங்குவோருக்கு அது ஆபத்து என்றும் எச்சரிக்கிறது.

கம்பளை மலையில் கோப்பியும் உபதேசியாரும்

1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. 1820களில் கம்பளைக்கு அருகே சிங்காப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டார். மலைநாட்டின் முதல் வணிகக் கோப்பித் தோட்டங்களில் அது ஒன்று. அதன் பின்னே தமிழகத்திலிருந்து தொழிலாளர் மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்தே வந்தனர். காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலேயே இறந்தவர் ஏராளம். வந்து சேர்ந்தவர்களுக்குக் கிடைத்தவை லயத்து அறை, கங்காணியின் கடன் கணக்கு, காலைப் பெரட்டு.

1854இல் கண்டியில் கோப்பித் துரைமார் சிலரும் சி.எம்.எஸ். சங்கமும் சேர்ந்து ‘தமிழ் கூலி மிஷன்’ என்ற அமைப்பை உருவாக்கினர். மேற்பார்வை மிஷனரியைச் சங்கம் அனுப்பும். உபதேசியார்களின் சம்பளத்தைத் துரைமாரின் நன்கொடை தாங்கும். உபதேசியார்கள் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து வந்தனர். முன்னர் அங்கே பணியாற்றிய செப்டிமஸ் ஹொப்ஸ் ஆரம்ப ஆண்டுகளில் மேற்பார்வை செய்தார். தோட்டம் தோட்டமாக நடந்து, வேலை முடிந்த நேரத்தில் லயத்து வாசலில் வேதம் வாசித்து விளக்குவதே உபதேசியாரின் தொழில்.

அங்கே கடவுளின் தெரிவு பற்றிய போதனைக்குத் தனிக் கனம் கிடைத்தது. கடவுளின் தெரிவு பிறப்பையோ படிப்பையோ செல்வத்தையோ பார்ப்பதில்லை. உலகம் எளியவையென ஒதுக்கியவற்றையே அவர் தெரிந்துகொண்டார் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியிருக்கிறார். சாதியால் கீழென்றும் தொழிலால் கூலியென்றும் எண்ணப்பட்டவருக்கு அதைவிடப் பெரிய செய்தி வேறில்லை. ஆயினும் பழைய ஆபத்து இங்கும் இருந்தது. சம்பளம் தரும் துரையின் சமயம் என்ற நிழல் உபதேசியாரின் பின்னாலேயே நடந்தது. தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் மாரியம்மன் வழிபாட்டிலேயே நிலைத்தனர். கிறிஸ்தவர்களானோர் சிறு தொகையினர்.

மிஷனுக்குள்ளும் வழக்கு வந்தது. 1875 இறுதியில் முப்பது வயதில் கொழும்பு பேராயரான ரெஜினால்ட் கொப்பிள்ஸ்டன் திருச்சபை ஒழுங்கையும் திருவருட்சாதனங்களையும் முன்னிறுத்தும் மரபினர். தோட்டப்பகுதி மிஷனைத் தம் ஆட்சிக்குள் கொண்டுவர முயன்று, 1876இல் சி.எம்.எஸ். குருமாரின் அனுமதிப் பத்திரங்களை அவர் மீளப் பெற்றார். தனிமனிதனின் விசுவாசத்தையும் மனந்திரும்புதலையும் முதன்மையாகக் கொண்ட சங்கத்தார் எதிர்த்து நின்றனர். இங்கிலாந்தின் பேராயர்கள் வழங்கிய ஆலோசனையோடு 1880இல் பிணக்கு தீர்ந்தது.

1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பியை அழித்தது. நன்கொடை தந்த துரைமார் பலர் நொடித்துப்போயினர். மிஷனும் அதன் சபைகளும் தேயிலைக் காலத்திலும் தொடர்ந்தன. பின்னர் 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. சபைக் குடும்பங்களும் அதில் பிரிந்தன.

வழக்கு இன்று

1999 அக்டோபர் 31ஆம் நாள் அவுக்ஸ்பேர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டனர். மனிதன் தன் தகுதியால் அன்றி கிருபையாலேயே, கிறிஸ்துவில் வைக்கும் விசுவாசத்தினாலேயே கடவுளால் ஏற்கப்படுகிறான் என்பது அதன் சாரம். 2006இல் மெதடிஸ்தரும் 2017இல் சீர்திருத்த சபைகளும் அதனுடன் இணைந்தனர். முன்குறித்தல் பற்றிய கருத்து வேறுபாடு நீங்கவில்லை. ஆனால் மீட்பு மனிதனின் சம்பாத்தியம் அன்று என்பதில் இந்தச் சபைகள் இன்று ஒரே குரலில் பேசுகின்றன.

இலங்கைத் திருச்சபை வரலாறு தரும் தீர்ப்பும் அதுவே. விசுவாசத்தை அரசாணையால் உண்டாக்க முயன்ற இடத்தில் பதிவேடுகள் மட்டுமே எஞ்சின. கொடுக்க ஒன்றுமில்லாத குருவும், சொற்பச் சம்பளத்தில் மலையேறிய உபதேசியாரும் பேசிய இடத்தில் சிறிய சபைகள் வேர்விட்டன. தெரிவு கடவுளுடையது என்று நம்பும் சபை, எவர் மனத்தையும் நிர்ப்பந்திக்க உரிமையற்றது.

(தொடரும்)