வயிற்றுப்பூச்சியும் நரம்பின் மொழியும்

மலையகத்தின் வரலாற்றைக் கூறுவோர், 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டதைக் கூறுவர். கோப்பித் தோட்டங்களை அழித்த இலைநோயைக் கூறுவர். மன்னாரில் இறங்கி, காடு கடந்து, மாத்தளை வழியாக மலையேறிய மக்களின் துயரையும் கூறுவர். ஆனால் அம்மக்களின் உடலிலேயே குடியிருந்து, அவர்தம் உணவையும் குருதியையும் பங்கிட்டுக்கொண்ட ஓர் உயிரினத்தைப் பற்றிக் கூறுவோர் சிலரே. அதுவே குடற்புழு. தோட்டத்து மக்கள் அதனை வயிற்றுப்பூச்சி என்பர். நரம்போடு நரம்பு எவ்வாறு பேசுகின்றது என்பதை மனிதனுக்குக் கற்பித்த ஆசிரியர்களுள் இப்புழுவும் ஒன்று என்பது பலரும் அறியாத செய்தியாகும்.

குடற்புழுக்களுள் இரண்டு இங்கே கருதத்தக்கவை. ஒன்று வட்டப்புழு. பெண்புழு ஒரு சாணுக்கு மேல் வளர்ந்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 200,000 முட்டைகளை இடும். மலத்தோடு வெளிப்படும் முட்டை ஈரமண்ணில் முதிர்ந்து, கையின் வழியாகவும் கழுவாத காய்கறியின் வழியாகவும் மீண்டும் வயிற்றை அடைகின்றது. மற்றொன்று கொக்கிப்புழு. அதன் இளம்புழு, மண்ணில் வெறுங்காலுடன் நடப்பவரின் தோலைத் துளைத்து உட்புகுகின்றது. பின்னர் குடற்சுவரைப் பற்றிக்கொண்டு குருதியை உறிஞ்சுகின்றது. நெருக்கமான லயக்காம்பராக்களும், மலசலகூடக் குறைவும், ஓயாத மழையும், செருப்பில்லாக் கால்களும் இவ்விரண்டுக்கும் வாய்ப்பாக அமைந்தன. கொழுந்து பறிக்கும் தாய் சோகையால் வாடினாள். பிள்ளைக்காம்பராவில் விடப்பட்ட குழந்தையின் வளர்ச்சி குன்றியது.

1916 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தார் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கினர். தொழிலாளரின் மலம் சோதிக்கப்பட்டது. நோயுற்றோருக்கு மருந்து கொடுக்கப்பட்டது. புழுக்கள் வெளியேறின. ஆயினும் மருந்துண்டவர் திரும்பிச் சென்றது அதே லயத்துக்கு. மிதித்தது அதே மண்ணை. போன புழு மீண்டும் வந்தது. மலசலகூடமின்றி மருந்து மட்டும் நிலைத்த பயன் தராது என்னும் பாடம் அன்றே புலப்பட்டது. அப்பாடத்தை ஏற்றுப் பணம் செலவிடத் தோட்ட முதலாளிகள் பலரும் விரைந்து முன்வரவில்லை.

மருந்து புழுவை எவ்வாறு வெளியேற்றுகின்றது? குடலின் உள்ளே உணவும் நீரும் இடையறாது கீழ்நோக்கி ஓடுகின்றன. அவ்வோட்டத்தை எதிர்த்து நெளிந்து கொண்டிருப்பதனாலேயே வட்டப்புழு நிலைத்து வாழ்கின்றது. ஆகவே அதனைக் கொல்ல வேண்டுவதில்லை. அதன் நெளிவை நிறுத்தினாலே போதும், குடலே அதனை வெளியே தள்ளிவிடும். நெளிவை நடத்துவது தசை. தசையை ஏவுவது நரம்பு. புழுவின் நரம்பை அறிதல் இவ்வாறு மருத்துவத்தின் தேவையுமாயிற்று.

ஜெர்மானிய அறிஞர் றிச்சர்ட் கோல்ட்ஸ்மிட் 1908 ஆம் ஆண்டில் வட்டப்புழுவின் நரம்பமைப்பை ஆராய்ந்து வெளியிட்டார். பிற்காலத்தில் மரபியலில் புகழ்பெற்ற இவர், அப்புழுவின் தலைப்பகுதியில் 162 நரம்புக் கலங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கண்டார். கோடிக்கணக்கான கலங்கள் கொண்ட மனித மூளையோடு ஒப்பிட, இஃது எண்ணி முடிக்கத்தக்க சிறு தொகையன்றோ!

ஆயினும் மனிதக் குடலில் வாழும் புழுவை ஆய்வுகூடத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தல் அரிது. தென்னாபிரிக்காவிற் பிறந்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிற் பணிபுரிந்த சிட்னி பிரென்னர், அதற்கு ஓர் உறவுப்புழுவை 1963 ஆம் ஆண்டு முதல் ஆய்வுக்கு எடுத்தார். மண்ணில் வாழும் அப்புழுவின் பெயர் சீனோரப்டைட்டிஸ் எலிகன்ஸ். ஒரு மில்லிமீற்றர் நீளமே உடையது. கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுவது. எவருக்கும் தீங்கு செய்யாதது. மூன்று நான்கு நாளில் முட்டையிலிருந்து முழுப்பருவம் எய்துவது. அதன் மரபியலை விளக்கும் கட்டுரையைப் பிரென்னர் 1974 இல் வெளியிட்டார். ஜோன் வைற்றும் பிரென்னர் உள்ளிட்ட அவருடைய தோழர்களும் அதன் 302 நரம்புக் கலங்களின் இணைப்பு முழுவதையும் 1986 இல் வரைந்து காட்டினர். பிரென்னருக்கும் ஜோன் சல்ஸ்ரனுக்கும் றொபேட் ஹோர்விற்சுக்கும் இப்புழு ஆய்வின் பயனாக 2002 ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

கலங்கள் பேசும் மொழி இரசாயன மொழியாகும். ஒரு நரம்புக் கலம் தன் நுனியிலிருந்து ஒரு பொருளைச் சிறிதளவு வெளிவிடுகின்றது. அடுத்த கலத்தின் மேலுள்ள ஏற்பி, பூட்டு சாவியை ஏற்பதுபோல அதனை ஏற்கின்றது. அசற்றைல்கொலீன் என்னும் பொருள் தசையைச் சுருங்கச் செய்யும். காபா என்னும் பொருள் தசையைத் தளரச் செய்யும். ஒரு பக்கம் சுருங்க, எதிர்ப்பக்கம் தளர, புழு வளைகின்றது. இவை மாறி மாறி நிகழ்வதே நெளிவு. காபா மொழி பேசும் கலங்கள் 26 என்பதை ஹோர்விற்சின் ஆய்வுகூடத்தார் 1993 இல் எடுத்துக்காட்டினர்.

மருந்தின் செயல் இப்போது விளங்கும். 1950களிற் பரவலாக வழங்கிய பைப்பரசீன், காபாவைப்போல் நடித்து வட்டப்புழுவின் தசையைத் தளர்த்திவிடுகின்றது. 1960களில் வந்த லெவமிசோல், அசற்றைல்கொலீனைப்போல் நடித்துத் தசையை விறைக்க வைக்கின்றது. தளர்ந்தாலும் விறைத்தாலும் புழு பிடியிழக்கின்றது. லெவமிசோலுக்கு அஞ்சாத எலிகன்ஸ் புழுக்களைப் பிரித்தெடுத்து ஜேம்ஸ் லூயிசும் துணைவரும் 1980 இல் ஆராய்ந்தனர். அவற்றுட் பலவற்றில் ஏற்பியை அமைக்கும் மரபணுக்களே பழுதுற்றிருந்தன என்பது பின்னர் வெளிப்பட்டது. பூட்டு மாறிவிட்டால் சாவி பயன்படாது. ஒரே மருந்தை நெடுங்காலம் கொடுத்தால் அது பயனற்றுப் போகக்கூடும் என்னும் எச்சரிக்கையும் இதில் அடங்கியுள்ளது.

இனி மலைநாட்டுக்குத் திரும்புவோம். 1992 ஆம் ஆண்டில் பெருந்தோட்டத்துறை முழுவதும் நடந்த கணக்கெடுப்பில், சோதிக்கப்பட்ட பிள்ளைகளிலும் பெண்களிலும் நூற்றுக்குத் 90 பேருக்கு மேல் குடற்புழு இருந்தது. 1994 முதல் 2005 வரை தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இருமுறை புழுமருந்து கொடுக்கப்பட்டது. அத்திட்டம் நின்று நான்காண்டு கழிந்தபின் ஐந்து மாவட்டங்களின் தோட்டப் பாடசாலைகளிற் சோதித்தபோது, அத்தொகை 29 ஆகக் குறைந்திருந்தது. ஆனால் பத்தாண்டுக்கு மேல் மருந்துண்ட பின்னும், பத்துப் பிள்ளைகளுள் ஏறத்தாழ மூவர் வயிற்றில் புழு இருந்ததும் அதே கணக்கு காட்டும் உண்மையே.

நரம்பின் மொழியை அறிந்த மனிதன், புழுவின் பேச்சைக் குலைத்து அதனைக் குடலிலிருந்து வெளியேற்றக் கற்றுவிட்டான். மண்ணிலுள்ள முட்டைக்கோ அந்த மொழி எட்டுவதில்லை. அதனைத் தடுப்பவை நல்ல வீடும், தூய நீரும், வீட்டுக்கு ஒரு மலசலகூடமும், காலுக்குச் செருப்புமே. மாத்தளையில் 1916 இல் தெரிந்த இப்பாடத்துக்கு, கேம்பிரிட்ஜில் வேறு மாற்றுப் பிறக்கவில்லை.