விலாவின் கீழ் ஒரு வரலாறு



உடம்பைத் திறக்காமல் உள்ளுறுப்பின் நிலையை அறிய முடியுமா? முடியும் என்பதற்கு நம் தோட்டங்களின் வரலாறே சான்று.

மண்ணீரல் இடப்பக்க விலா எலும்புகளுக்குள் மறைந்திருக்கிறது. பெரியவர்களுக்கு அதன் எடை ஏறக்குறைய 150 கிராம். பழுதான சிவப்பணுக்களை இரத்தத்திலிருந்து நீக்குவது அதன் வேலைகளுள் ஒன்று. பொதுவாக அது கைக்குத் தட்டுப்படாது. மலேரியாக் கிருமி சிவப்பணுக்களில் புகுந்து பெருகினால் மண்ணீரலுக்கு வேலை கூடுகிறது. அது வீங்கி விலாவைத் தாண்டி இறங்குகிறது. காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் தொப்புள்வரை எட்டுவதும் உண்டு. மெலிந்த பிள்ளையின் வயிறு உப்பியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி வளர்வதை 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். 1901இல் கிள்ளானுக்கு அரசாங்க மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடித்து நகரில் நோயைக் குறைத்தார். பின்னர் தோட்டங்களுக்குச் சென்று, பிள்ளைகளின் இடது விலாவுக்குக் கீழே தொட்டுப் பார்த்தார். நூற்றுக்கு எத்தனை பிள்ளைகளுக்கு மண்ணீரல் தட்டுப்படுகிறது என்று கணக்கெடுத்தார்.

ஏன் பிள்ளைகள்? பெரியவர்கள் வேறு ஊரில் நோய் கண்டு வந்திருக்கலாம். தோட்டத்திலேயே வளரும் பிள்ளையின் உடம்போ அந்த இடத்தின் நிலையைச் சொல்லும்.

சமவெளித் தோட்டங்களில், சதுப்புக் காட்டை ஒட்டிய லயங்களில் வீக்கம் மிகுதி. தள்ளியிருந்த லயங்களில் குறைவு. மலைப்பாங்கான தோட்டங்களிலோ காட்டை வெட்டிய பிறகும் குறையவில்லை. அங்கே நோய் பரப்பிய கொசு, வெயில் படும் தெளிந்த ஓடையில் வளர்வது! ஆகவே, அங்கே நிலத்தடிக் குழாய்களால் நீரை வடித்தார்கள். ஓடைகளில் எண்ணெய் தெளித்தார்கள். நோய்க்குக் காரணம் தொழிலாளியின் தலைவிதி அல்ல, லயத்தருகே இருந்த நீரே என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

ஆனால், தாய்மார்களே, மண்ணீரல் வீக்கம் மலேரியாவால் மட்டும் வருவதன்று. தலசீமியா போன்ற இரத்த நோய்களாலும் வரும். எந்த நோய் என்பதை இரத்தப் பரிசோதனையே உறுதிசெய்யும். பிள்ளையின் இடப்பக்க வயிறு தடித்திருந்தால் அழுத்தித் தேய்க்காதீர்கள்; வீங்கிய மண்ணீரல் எளிதில் கிழியக்கூடியது. தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.