மாதப் பிறப்பு: ஒரே சூரியன், இரு தேதி

சூரியன் ஒரு ராசியைவிட்டு அடுத்த ராசிக்குள் நுழையும் கணம் சங்கராந்தி, மலையாளத்தில் சங்கிரமம். தமிழ் மாதமும் மலையாள மாதமும் இதைக்கொண்டே பிறக்கின்றன. ஆனாலும் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்து நல்லேப்பிள்ளி போன்ற எல்லையூர்களில், தமிழ்க் காலண்டரில் சித்திரை பிறந்த நாளன்று மலையாளக் காலண்டர் மீனத்தின் கடைசித் தேதியைக் காட்டுவதுண்டு. 2019, 2023 ஆண்டுகளில் அப்படித்தான் ஆயிற்று. இரண்டில் எந்தப் பஞ்சாங்கம் தவறு?

எதுவுமே தவறில்லை. பூமி சுற்றிவருவதால் சூரியன் விண்மீன்களுக்கிடையே நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 பாகை நகர்வதாக நமக்குத் தெரிகிறது. அது ராசி எல்லையைக் கடக்கும் கணம் உலகெங்கும் ஒன்றே. பகலோ நள்ளிரவோ, எப்போது வேண்டுமானாலும் நேரும். அந்தக் கணத்தை எந்தத் தேதியில் சேர்ப்பது என்பது மனிதர் வகுத்த விதி. அஸ்தமனத்துக்கு முன் சங்கராந்தி நேர்ந்தால் அன்றே மாதப் பிறப்பு என்பது தமிழ் வழக்கு. பகலை ஐந்தாகப் பிரித்து, முதல் மூன்று பங்குக்குள் நேர்ந்தால்தான் அன்று முதல் தேதி என்பது கேரள வழக்கு. வங்கத்தில் நள்ளிரவே எல்லை.

2023 ஏப்ரல் 14 அன்று சூரியன் மேஷத்துள் நுழைந்தது பிற்பகல் மூன்று மணி வாக்கில். கேரளத்தின் வரம்பு ஒன்றரை மணி அளவிலேயே தாண்டிவிட்டது. அஸ்தமனத்துக்கோ மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஆகவே சித்திரை 1 அன்றைக்கே, மலையாள மாதமான மேடம் 1 மறுநாள். இரு வரம்புகளுக்கும் இடைப்பட்டது ஏறத்தாழ 12 நாழிகை, அதாவது ஒரு முழு நாளில் ஐந்தில் ஒரு பங்கு. நீண்ட காலக் கணக்கில் ஐந்து மாதங்களில் ஒன்று இப்படிப் பிரிந்து பிறக்கும்.

இந்தக் கணிதத்தின் வேர் 499ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆரியபடரின் நூலில் இருக்கிறது. அவர் கொண்ட ஆண்டின் நீளம் 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி. இன்றைய அளவீட்டைவிட மூன்று நிமிடம் சொச்சமே அதிகம். அந்த ஆறு மணி நேரத்தால்தான் சங்கராந்தி ஆண்டுதோறும் கால் நாள் தள்ளிப்போகிறது. பிற்பகல் சங்கராந்தி நான்காண்டுக்கொருமுறை திரும்புகிறது. கேரளத்தில் ஹரிதத்தர் 683இல் பரஹிதம் என்ற கணிப்பு முறையை வகுத்தார். சித்தூர்ப்புழை சென்று சேரும் பாரதப்புழையின் முகத்துவாரத்துக்கு அருகே வாழ்ந்த பரமேசுவரர், பல பத்தாண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் கணக்கைத் திருத்தி 1431இல் திருக்கணிதம் என்ற முறையைத் தந்தார். வாய்பாடு பொய்த்தால் வானத்தை நம்பு என்ற அந்தத் துணிவே இவ்வரலாற்றில் மிகவும் போற்றத்தக்கது.

பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால் ராசிக் கணக்கு பருவத்தைவிட்டு ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் விலகுகிறது. இரவும் பகலும் சமமாகும் நாள் மார்ச் 20 வாக்கில் வர, மேஷ சங்கராந்தி ஏப்ரல் பாதிக்கு வந்துவிட்டது. மேகநாத் சாகா தலைமையிலான குழு இதைச் சீராக்கப் பரிந்துரைத்ததன் பேரில் 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரசிதழில் அது இடம்பெற்றது. சித்திரையும் மேடமும் பழைய கணக்கிலேயே தொடர்கின்றன.

கேரளப் பண்டிகையான விஷுவுக்குத் தனி விதி. சங்கிரமத்துக்குப் பின் வரும் முதல் விடியலில்தான் கணி காண்பார்கள். 2022இல் சங்கிரமம் ஏப்ரல் 14 காலை நேர்ந்ததால் மேடம் 1 அன்றே பிறந்தது. விஷு 15ஆம் தேதி வந்தது.