முந்திரிக்கொட்டையும் ஆறப் பொறுக்காமையும்: இளம் சுண்டெலிகளின் அவசரத்தை அளக்கும் முறைகள்

1. போரூரிலிருந்து ஒரு கேள்வி

குன்றத்தூருக்குப் பக்கத்திலுள்ள போரூரில் இருக்கிறது ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனம். அங்குள்ள கல்பனா பாலகிருஷ்ணனும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தை அளந்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரி அளவு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். ஈயம் கூடக்கூடப் பதற்றமும், கவனக்குறைவு மிகைத்துடிப்புக் கோளாறின் அறிகுறிகளும் கூடுவதை ஆசிரியர்கள் நிரப்பித் தந்த வினாத்தாள்கள் காட்டின.

வினாத்தாளில் குழந்தையின் குணத்தோடு வீட்டுச் சூழலும், நிரப்பிய ஆசிரியரின் பொறுமையும் கலந்தே வரும். கணக்குப்போட்டுக் கழித்துப் பார்க்கலாம். முழுக்கப் பிரிக்க முடியாது. சோதனைக்காக ஒரு குழந்தைக்கு ஈயம் கொடுப்பதோ நினைக்கவே கூடாத காரியம். சுண்டெலி இங்கேதான் தேவைப்படுகிறது. ஒரே ஈற்றுக் குட்டிகள், ஒரே தீனி, ஒரே அறை. ஆனால் எலியிடம் வினாத்தாள் நீட்ட முடியாதே. அது அவசரப்படுகிறது என்று எதைக் கொண்டு சொல்வது?

2. ஒரு பெயர், இரண்டு குணம்

அவசரம் என்று ஒரே சொல்லில் அடக்கினாலும், தமிழ்ப் பேச்சு இதை முன்பே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. கேள்வி முடியுமுன் பதில் சொல்பவன் முந்திரிக்கொட்டை. ஆக்கப் பொறுத்தும் ஆறப் பொறுக்காதவன் வேறு ஆள். ஆய்வகமும் இந்த இரண்டையும் தனித்தனிக் கருவிகளால்தான் அளக்கிறது. ஒன்றில் கூடிய மதிப்பெண் மற்றதிலும் கூட வேண்டும் என்ற கட்டாயமில்லை.

முதல் வகைக்கு ஐந்து துவாரப் பெட்டி. 1980களில் கேம்பிரிட்ஜில் டிரெவர் ராபின்ஸ் குழு பெரிய எலிகளுக்காக உருவாக்கியது. பிறகு சுண்டெலிக்கும் வந்தது. பெட்டியின் ஒரு சுவரில் வரிசையாக ஐந்து துவாரங்கள், எதிர்ச்சுவரில் தீனித் தட்டு. ஐந்து விநாடிக் காத்திருப்புக்குப் பிறகு ஏதாவது ஒரு துவாரத்தில் கணநேரம் விளக்கு எரியும். அங்கே மூக்கை நுழைத்தால் தீனி. விளக்கு எரியுமுன்பே நுழைத்தால் பெட்டி இருண்டுவிடும். சில விநாடிகளுக்கு ஒன்றும் கிடையாது. சுவர்முன் நின்று மீசை துடிக்க, மூக்கைத் துவாரத்தின் விளிம்புவரை கொண்டுபோய்ப் பின்வாங்கும் எலியைப் பார்த்தால், தன்னை அடக்கிக்கொள்வது எவ்வளவு பெரிய வேலை என்பது விளங்கும்.

இரண்டாம் வகையில் துவாரம் இரண்டு போதும். ஒன்றில் உடனே ஒரு உருண்டை, மற்றதில் தாமதித்துப் பல உருண்டைகள். தாமதத்தை நாளுக்கு நாள் ஏற்றிக்கொண்டே போனால், எலி எந்த இடத்தில் சிறியதற்கு மாறுகிறது என்று தெரியும். ரோமில் வால்டர் அட்ரியானியும் ஜோவான்னி லவியோலாவும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ந்த எலிகளைவிட இளசுகள் காத்திருக்கத் தயங்கின. இங்கே ஒரு முன்நிபந்தனை உண்டு. தாமதமே இல்லாத நாளில் எலி பெரிய பங்கைத் தேர்ந்திருக்க வேண்டும். தேராவிட்டால் அது அவசரக்காரன் அல்ல, விளையாட்டே புரியாதவன்.

3. ஓடும் வயது

உண்மையான சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. சுண்டெலி 21ஆம் நாள் பால்குடி மறக்கிறது. அதன் விடலைப் பருவத்தைக் குறைந்தபட்சமாக 28 முதல் 42ஆம் நாள் வரை என்று கொள்வது வழக்கம். 60 நாளானால் பெரியதாகிவிட்டது. ஐந்து துவாரப் பெட்டியைப் பழைய முறையில் கற்றுக்கொடுக்கவோ, தினம் அரைமணி வீதம் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். விடலையாகப் பள்ளியில் சேர்ந்த எலி பரீட்சை எழுதும்போது குடும்பஸ்தன். இளம் எலி என்று தலைப்பிட்டுவிட்டு வளர்ந்த எலியை அளந்திருப்போம்.

அடுத்தது பசி. எலி வேலை செய்ய, தீனியைக் குறைத்து, எடையைத் தாராளமாகத் தின்னும் காலத்து எடையில் சுமார் 85 சதவீதத்தில் நிறுத்துவார்கள். வளர்ந்த எலிக்கு இது சரி. நாளுக்கு நாள் எடை ஏற வேண்டிய குட்டிக்கு எந்த நாளின் எடையில் 85? பட்டினி கிடக்கும் குட்டி முந்துகிறதென்றால், நாம் அளந்தது குணத்தையா வயிற்றையா?

இதற்கு 2017இல் நெதர்லாந்துக் குழு ஒன்று வழி காட்டியது. எலி வசிக்கும் கூண்டையும் சோதனைப் பெட்டியையும் குழாயால் இணைத்துவிட்டார்கள். எலி தனக்குத் தோன்றிய நேரத்தில் குழாய் வழியே போய் வேலை செய்து தன் இரையைச் சம்பாதித்துக்கொள்ளும். யாரும் கையால் தூக்குவதில்லை. எலி சுறுசுறுப்பாக இருக்கும் இரவுநேரமும் வீணாவதில்லை. பயிற்சியும் சோதனையும் ஒரே வாரத்தில் முடிகின்றன.

4. படப்பையிலிருந்து பார்த்தால்

குன்றத்தூர் ஒன்றியத்துப் படப்பையில், ஒரகடம் போகிற சாலையில், பூச்சிமருந்துகளையும் ரசாயனங்களையும் விலங்குகளில் சோதிக்கும் பன்னாட்டு உயிர்த்தொழில்நுட்ப நச்சியல் நிறுவனம் இருக்கிறது. இத்தகைய ஆய்வகங்கள் பின்பற்றும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் (ஓ.இ.சி.டி.) நெறிகளில் 426ஆம் எண், வளரும் மூளைக்கு நேரும் நச்சைப் பற்றியது; 2007இல் வந்தது. உடலசைவு, புலன், கற்றல், நினைவு எல்லாம் அதில் உண்டு. கற்றலை 25ஆம் நாளையொட்டியும் 60ஆம் நாளுக்குப் பிறகும் சோதிக்கச் சொல்கிறது. அவசரத்தை அளக்கும் சோதனை எதையும் அது கட்டாயமாக்கவில்லை. போரூர் ஆய்வில் ஆசிரியர்கள் கண்ணில் பட்ட குணத்துக்கு இந்தப் படிவத்தில் கட்டமே இல்லை என்பது என் குறை.

அந்தக் கட்டத்தைச் சேர்ப்பது சுலபம் என்று சொல்லமாட்டேன். இளசுகள் பொதுவாகவே துறுதுறுவென்று ஓடுபவை. எல்லாத் துவாரத்திலும் எல்லா நேரத்திலும் மூக்கை நுழைப்பவை. ஆகவே முந்திய தடவைகளை மட்டும் எண்ணாமல், பெட்டி இருண்டபோது நுழைத்ததையும் எண்ணி ஒப்பிட வேண்டும். விலங்குச் சோதனைக்கு அனுமதி தரும் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவும் கேள்வி கேட்கும்.

நான் குழுவில் இருந்தால் கேட்பது ஒன்றுதான். நெதர்லாந்துக் குழுவின் ஒரு வாரக் கூண்டில் எலி தனியாக இருக்கிறது. உடன்பிறப்புகளோடு கட்டிப்புரண்டு விளையாடும் வயது அது. தனிமை அந்த வயதில் நடத்தையை மாற்றும் என்பது தெரிந்த விஷயம். 28ஆம் நாள் உள்ளே விட்டால் 35ஆம் நாள் வெளியே வரும். பதினான்கு நாள் விடலைப் பருவத்தில் ஏழு நாள், அளவுக்காகப் போய்விட்டது.