தாய்நாட்டு நேசமும் ஈமானும்: 1938ஆம் ஆண்டின் ஒரு விவாதம்

'ஹுப்புல் வதன்' என்று தொடங்கும் அரபு வாசகம் ஒன்று நம் மேடைகளில் நபிமொழியாகவே வழங்கி வருகிறது. தாய்நாட்டை நேசிப்பது ஈமானைச் சேர்ந்தது என்பது அதன் கருத்து. சுதந்திர தின விழாக்களில் அதனைக் கேட்கும்போதெல்லாம் என்னுள் ஓர் ஐயம் எழுவதுண்டு. லாகூரில் பிறந்த இமாம் ஸகானீ (ரஹ்) (இறப்பு ஹிஜ்ரி 650) அவ்வாசகத்தைப் புனையப்பட்டவற்றுள் சேர்த்தார். இமாம் ஸகாவீ (ரஹ்) (இறப்பு ஹிஜ்ரி 902) அதற்கு மூலம் எதனையும் தாம் காணவில்லை என்றும், ஆயினும் கருத்துச் சரியானதே என்றும் எழுதினார். பிறந்த மண்ணை விசுவாசியும் நேசிக்கிறான், நயவஞ்சகனும் நேசிக்கிறான். பின் அது ஈமானின் அடையாளமாவது எங்ஙனம் என்று அக்கருத்தையும் மறுத்தோர் உண்டு.

அப்படியாயின் நம் நாட்டுப் பற்று எதன்மீது நிற்கிறது? இவ்வினாவை ஒட்டி 1938இல் இரு பேரறிஞர்கள் மோதிக்கொண்டனர்.

மௌலானா ஹுஸைன் அஹ்மத் மதனீ (ரஹ்) மஸ்ஜிதுன் நபவியில் பல்லாண்டுகள் பாடம் நடத்தியவர். ஆங்கிலேயரால் மால்டா தீவில் 1920 வரை சிறை வைக்கப்பட்டவர். 1921இல் கராச்சி வழக்கிலும் தண்டனை பெற்றவர். 1927 முதல் தேவ்பந்தின் தலைமை ஆசிரியர். 1938 ஜனவரியில் டெல்லியில் பேசுகையில், இக்காலத்தில் 'கவ்ம்' என்பது நாட்டை அடிப்படையாகக் கொண்டே அமைகிறது என்றார் அவர். நோயுற்றிருந்த அல்லாமா இக்பால், மதனீயின் பெயரைக் குறிப்பிட்டே பாரசீகத்தில் கடுமையான சில வரிகளை எழுதினார்.

1904இல் இந்தியாவைப் போற்றிப் பாடிய இக்பால் ஏன் இவ்வாறு எழுதினார்? ஐரோப்பாவில் தேசியம் மனிதனின் வணக்கத்தையே கோரும் புதிய தெய்வமாக எழுந்ததை அவர் கண்டிருந்தார். அந்த அச்சம் பொய்யன்று என்பதை அடுத்த ஆண்டே மூண்ட உலகப் போர் காட்டியது.

தாம் நடப்பை எடுத்துரைத்ததேயன்றி, அதனை முஸ்லிம்களுக்குக் கொள்கையாகப் பரிந்துரைக்கவில்லை என்று மதனீ விளக்கம் அளித்தார். அதனை ஏற்ற இக்பால், மார்ச் மாத இறுதியில் தம் கண்டனத்தைத் திரும்பப் பெற்றார். ஏப்ரல் 21 அன்று மறைந்தார். ஆயினும் அவ்வரிகள் அவர் மறைவுக்குப் பின் வெளியான 'அர்முகானே ஹிஜாஸ்' தொகுப்பில் இடம்பெற்றுவிட்டன.

மதனீ பின்னர் 'முத்தஹிதா கவ்மிய்யத் அவ்ர் இஸ்லாம்' என்னும் நூலை எழுதினார். தம்மை மறுத்த மக்களையும் நபிமார்கள் 'என் சமூகத்தாரே' என்றே விளித்ததைக் குர்ஆனிலிருந்து காட்டினார். யூதரும் முஸ்லிம்களும் ஒரே சமுதாயமாக எண்ணப்பட்ட மதீனா உடன்படிக்கையையும் முன்வைத்தார். மார்க்கத்தால் பிரிந்தோர் நாட்டால் ஒன்றுபடலாம் என்பதே அவர் முடிவு.

வலுவான வாதந்தான். எனினும் எனக்கு ஒரு குறை தோன்றுகிறது. உடன்படிக்கை கடமையைத் தரும், நேசத்தைத் தருமா?

இதற்கு விடை ஆதாரப்பூர்வமான ஹதீஸ்களிலேயே உள்ளது. மக்காவை விட்டு வெளியேறுகையில் நபிகள் நாயகம் (ஸல்) அவ்வூரை நோக்கி, அது தமக்கு மிகப் பிரியமானது என்றும், தம் சமூகம் வெளியேற்றியிராவிடில் அதனை நீங்கியிருக்க மாட்டார்கள் என்றும் கூறியதைத் திர்மிதீ பதிவு செய்கிறார். மதீனாவில் காய்ச்சலுற்ற பிலால் (ரலி), தம்மைச் சுடுமணலில் வதைத்த அதே மக்காவின் புல்லையும் நீரையும் எண்ணி ஏங்கினார்கள் என்பது புகாரியில் உள்ளது. அப்போது நபியவர்கள் அந்த ஏக்கத்தைக் கண்டிக்கவில்லை. மக்காவைப் போன்றோ அதனினும் மிகுதியாகவோ மதீனாவையும் பிரியமாக்கும்படி இறைவனிடம் வேண்டினார்கள்.

இந்த நேசம் ஆள்வோரை ஏற்பதைப் பொறுத்ததன்று, வணக்கத்தைக் கோருவதுமன்று. மக்காவை நேசித்துக்கொண்டே அதன் அநீதியை எதிர்த்தார்கள் நபியவர்கள். நம் பற்றுக்குச் சான்று கேட்போரும் இந்நாட்டில் உள்ளனர். அவர்களுக்காக, நபியவர்கள் சொல்லாத ஒன்றை அவர்கள் பெயரால் சொல்வது பெரும்பாவம். இயல்பான நேசத்துக்குப் புனைந்த சான்று எதற்கு?