கிருஷ்ணகிரிப் பிள்ளைகளின் பற்களும் ஒகேனக்கல் நீரும்

உலகெங்கும் நூறு குழந்தைகளில் சிலருக்கு ஞானப்பல் தவிர வேறு ஒரு நிலைப்பல்லாவது முளைப்பதே இல்லை. அது பெரும்பாலும் மரபணு சார்ந்த குறை. ஆனால் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துப் பிள்ளைகளின் முளைத்த பற்களைக் கெடுத்தது தண்ணீர். பாறையிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதும் அந்த நீரே குடிநீரானது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து. சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் ஃபுளோரைடு மிகுதியால் வரும் நோய் 1937-லேயே பதிவானது. அப்படியிருந்தும் இந்த மக்களை எத்தனை தலைமுறை காக்க வைத்தோம்!

பல் துலக்காததால் வந்த கறை என்று சிலர் சொல்வார்கள். எனாமல் உருவாவது ஈறுக்குள், முதல் எட்டு வயதுக்குள். அப்போதே உள்ளே ஏறிய கறையை எந்தத் தூரிகையும் நீக்காது. இதற்குத் தீர்வு, காவிரி நீரை இவ்வட்டாரத்துக்குக் குடிநீராகக் கொண்டுவரும் ஒகேனக்கல் திட்டம். காவிரியையும் எல்லையையும் காட்டி 2008-ல் கர்நாடகத்தில் அதற்கு எதிர்ப்பு எழுந்தது. ஆனால் பெங்களூருவின் குடிநீருக்கும் ஒகேனக்கலுக்கும் சேர்த்தே 1998-ல் இரு மாநிலங்களும் உடன்பட்டிருந்தன. ஆகவே அந்த மறுப்பு நிற்காது. ஜப்பானியக் கடனுதவியோடு 2013-ல் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. கெட்ட பல்லை அது திருத்தாது. இனி முளைக்கும் பல்லைக் காக்கும். பெற்றோரே, எட்டு வயது வரையிலாவது பிள்ளைகளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் இத்திட்டம் தரும் ஆற்று நீரையே கொடுங்கள்.